அணுவும் அதன் உட்துகள்களும்: வளையப் படத்தில் உள்ள பிழை

நடுவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வளையங்கள், ஒவ்வொரு வளையத்தின் மீதும் ஒரு புள்ளி. அறிவியல் கண்காட்சியின் பதாகையிலும், நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் பெயர்ப்பலகையிலும், பாடநூலின் அட்டையிலும் அணு என்றால் இந்தப் படம்தான். சின்னம் என்ற அளவில் அதில் குறையில்லை. ஆனால் அதையே அணுவின் வரைபடம் என்று நம்பிவிட்டால், அளவு பற்றியும் எலக்ட்ரானின் இயல்பு பற்றியும் தவறான எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று மூன்று பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த பலருக்கும், அவற்றில் தங்கத்தைத் தங்கமாக வைத்திருப்பது எது, அடுப்பில் எரிவாயு எரியும்போது இடம் மாறுவது எது, அணு உலையில் பிளவுபடுவது எது என்று கேட்டால் விடை தடுமாறுகிறது. பெயர்களைக் காட்டிலும் வேலைப் பிரிவினையே முக்கியம் என்பதால், இக்கட்டுரை அதைப் பின்பற்றியே செல்கிறது.

முதலில் ஒரு சொல் குழப்பம்

தமிழில் 'அணு' என்ற சொல் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. மிகச் சிறியது எதையும் 'அணுவளவு' என்கிறோம். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிவப்பணு, வெள்ளையணு என்று எழுதுகிறோம். இவை வேதியியலில் பேசப்படும் அணுக்கள் அல்ல, உடலின் செல்கள். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் பல லட்சம் கோடி அணுக்கள் உள்ளன. இன்னொரு பக்கம், 'அணுசக்தி', 'அணுகுண்டு' என்னும் சொற்கள் முழு அணுவையும் குறிப்பதுபோல் ஒலித்தாலும், உண்மையில் அவை அணுவின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியான அணுக்கருவைப் பற்றியவை.

இக்கட்டுரையில் அணு என்பது, ஒரு தனிமத்தின் இயல்பை இழக்காத மிகச் சிறிய அலகைக் குறிக்கும். தனிமம் என்பது ஒரே வகை அணுக்களால் ஆன பொருள்: இரும்பு, தங்கம், ஆக்சிஜன் ஆகியவை தனிமங்கள். நீர் தனிமம் அன்று. அது 2 ஹைட்ரஜன் அணுக்களும் 1 ஆக்சிஜன் அணுவும் பிணைந்த மூலக்கூறுகளால் ஆனது. துகள்களின் பெயர்களைப் பொறுத்தவரை தமிழகப் பாடநூல்களின் வழக்கத்தையே கையாள்கிறேன். இலங்கையில் படித்தவர்கள் எலக்ட்ரானை இலத்திரன் என்றும், புரோட்டானைப் புரோத்தன் என்றும், நியூட்ரானை நியூத்திரன் என்றும் படித்துக்கொள்ளலாம், பொருள் ஒன்றே.

எவ்வளவு சிறியது?

ஒரு தலைமுடியின் தடிமனுக்குக் குறுக்கே கார்பன் அணுக்களை நெருக்கமாக வரிசையில் வைத்தால் ஏறத்தாழ 5 லட்சம் அணுக்கள் பிடிக்கும். ஒரு சொட்டு நீரில் உள்ள அணுக்களை எண்ணினால் ஏறத்தாழ 5 கோடி கோடி கோடி வரும். 'கோடி' என்பதை மூன்று முறை அடுக்கியது அச்சுப் பிழையன்று.

அணு இவ்வளவு சிறியது என்றால், அதன் நடுவிலுள்ள அணுக்கரு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. மிக எளிய அணுவான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். அதன் கருவை ஒரு கடுகின் அளவுக்குப் பெரிதாக்கி, கிரிக்கெட் மைதானத்தின் நட்டநடுவில் வைத்தால், அணுவின் விளிம்பு எல்லைக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் இருக்கும். வளையப் படத்தில் கரு ஓர் எலுமிச்சையாகவும் வளையம் ஒரு சாப்பாட்டுத் தட்டாகவும் வரையப்படுவதை நினைத்துப் பாருங்கள். சரியான அளவில் வரைந்தால் அந்தத் தாளில் கரு கண்ணுக்கே தெரியாது. ஆகவே படம் வரைபவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இத்தனை சிறிய கருவுக்குள்தான் அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அடங்கியிருக்கிறது. அணுக்கருப் பொருளை மட்டும் திரட்டி, இடைவெளியின்றி ஒரு கடுகின் பருமனுக்கு அடைக்க முடிந்தால், அந்தக் கடுகின் எடை ஏறத்தாழ 10 லட்சம் டன் இருக்கும்.

மூன்று துகள்கள்

கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள் உள்ளன: புரோட்டான், நியூட்ரான். கருவுக்கு வெளியே இருப்பது எலக்ட்ரான். இவற்றை வேறுபடுத்துவது மின்னூட்டம் என்னும் பண்பு. சீப்பால் தலை வாரியபின் அது சிறு காகிதத் துண்டுகளை இழுப்பதற்குக் காரணமான அதே பண்புதான் அது. அதில் நேர், எதிர் என இரு வகை உண்டு; ஒரே வகை ஒன்றையொன்று விலக்கும், வேறு வகை ஒன்றையொன்று ஈர்க்கும். புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு அதே அளவுள்ள எதிர் மின்னூட்டம், நியூட்ரானுக்கு எதுவும் இல்லை. நிறையில் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய சமம். எலக்ட்ரான் அவற்றைவிட 1,800 மடங்குக்கும் மேல் இலேசானது.

சாதாரண அணுவில் புரோட்டான்கள் எத்தனையோ அத்தனை எலக்ட்ரான்கள் இருக்கும். அதனால்தான் மின்னூட்டமுள்ள துகள்களாலேயே ஆன மேசையைத் தொடும்போது நமக்கு அதிர்ச்சி எதுவும் ஏற்படுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

புரோட்டான்: பெயரைத் தீர்மானிக்கும் எண்

ஓர் அணு எந்தத் தனிமத்தின் அணு என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு அணு எண் என்று பெயர். 1 என்றால் ஹைட்ரஜன், 6 என்றால் கார்பன், 8 என்றால் ஆக்சிஜன், 79 என்றால் தங்கம். எலக்ட்ரான் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம், நியூட்ரான்களும் அப்படியே. புரோட்டான் ஒன்று மாறினால் மட்டும் பெயரே மாறிவிடும். 79 புரோட்டான்கள் உள்ளது தங்கம். 80 இருந்தால் அது பாதரசம். 78 இருந்தால் பிளாட்டினம்.

அணு எண் என்பது தொடக்கத்தில், தனிமங்களை வரிசைப்படுத்திய அட்டவணையில் ஒரு தனிமம் அமர்ந்திருக்கும் இடத்தின் வரிசை எண்ணாக மட்டுமே கருதப்பட்டது. அது கருவின் மின்னூட்டத்தைக் குறிக்கும் உண்மையான அளவு என்பதை, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913-இல் வரிசையாக அளந்து காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டுகளில், 1915-இல், தம் 27-ஆம் வயதில் அவர் கலிபோலிப் போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தார். இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தோன்றவில்லை.

இந்த எண்ணைப் புரிந்துகொண்டால், ரசவாதம் ஏன் பலிக்கவில்லை என்பதும் விளங்கும். பாதரசத்தையும் செம்பையும் புடமிட்டுப் பொன்னாக்கலாம் என்ற நம்பிக்கை நம் நாட்டிலும் அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. காய்ச்சுதல், கரைத்தல், மூலிகைச் சாறு விட்டு அரைத்தல், புடமிடுதல் ஆகிய அனைத்தும் அணுக்களின் வெளிப்புறத்திலுள்ள எலக்ட்ரான்களை மட்டுமே தொடுபவை. அந்த நெருப்பின் வெப்பம் கருவை எட்டுவதே இல்லை. பாதரசத்துக்கும் தங்கத்துக்கும் இடையே ஒரே ஒரு புரோட்டான்தான் வேறுபாடு என்றாலும், அந்த ஒன்றை எந்த மூலிகையாலும் எடுக்க முடியாது.

கருவைத் தொட்டால் அது முடியும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், ஈயத்தின் கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஒன்றையொன்று உரசுவதுபோல் கடக்கவிட்டபோது, 82 புரோட்டான்களில் 3 உதிர்ந்து 79 ஆன கருக்கள் உருவாயின. 2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில் இவ்வாறு உருவான தங்கக் கருக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2025-இல் கணக்கிட்டனர். கேட்பதற்குப் பெரிய புதையல்போல் இருக்கிறது. மொத்த எடை 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் 29 பங்கு. அதுவும் உருவான கணத்திலேயே சிதைந்து போயிற்று.

கரு இருப்பது எப்படித் தெரிந்தது?

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் திரையை ஒளிரச் செய்ததும் எலக்ட்ரான்களின் கற்றைதான். தாம்சன் பயன்படுத்திய கண்ணாடிக் குழாய் அதன் மூதாதை எனலாம். அணுவுக்குள் எதிர் மின்னூட்டம் இருக்கிறது என்று தெரிந்தபின், அதை ஈடுசெய்யும் நேர் மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. தர்பூசணியின் சதைபோல் நேர் மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்கிறது, அதில் விதைகள்போல் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது தாம்சனின் கருத்தை விளக்க நம் வகுப்பறைகளில் சொல்லப்படும் உவமை.

இதைச் சோதித்துப் பார்த்த முறை எளிமையானது. மார்கழி மூடுபனிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே செல்லவும் முடியாது. வெளியே நின்றபடி பந்துகளை எறிகிறீர்கள். எல்லாம் மறுபக்கம் போய் விழுகின்றன. திடீரென்று ஒரு பந்து உங்களை நோக்கியே திரும்பி வருகிறது. உள்ளே ஒரு தூண் இருக்கிறது என்று அப்போது தெரிகிறது. எத்தனை பந்துகளில் ஒன்று திரும்புகிறது என்பதை எண்ணினால், தூண் எவ்வளவு ஒல்லியானது என்பதையும் கணக்கிட்டுவிடலாம்.

மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் 1909-இல் செய்தது இதுவே. ஆல்ஃபா துகள் என்பது கதிரியக்கப் பொருள்கள் தாமாக வெளியிடும், 2 புரோட்டான்களும் 2 நியூட்ரான்களும் சேர்ந்த கனமான துகள். அதை மெல்லிய உலோகத் தகடுகளின் மீது வீசினார்கள். மிகப் பெரும்பாலானவை தகட்டைத் துளைத்துக்கொண்டு நேராகச் சென்றன. சில ஆயிரங்களில் ஒன்று திரும்பி வந்தது. தர்பூசணிச் சதையாக இருந்தால் எதுவும் திரும்பியிருக்கக் கூடாது. நேர் மின்னூட்டமும் நிறையும் நடுவில் ஒரு புள்ளியில் குவிந்திருக்க வேண்டும் என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவுக்கு வந்தார். நியூட்ரானைக் கண்டறிய மேலும் 21 ஆண்டுகள் ஆயின. மின்னூட்டம் இல்லாத துகளைப் பிடிப்பது கடினம். 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் அதைக் கண்டறிந்தார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அணுவின் நடுவில் மிகச் சிறிய, மிகக் கனமான, நேர் மின்னூட்டமுள்ள கரு இருக்கிறது, அதிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை தனிமத்தின் பெயரைத் தீர்மானிக்கிறது, அதைச் சூழ்ந்து இலேசான எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எப்படிச் சூழ்ந்திருக்கின்றன என்பதில்தான் வளையப் படம் வழி தவறுகிறது.

எலக்ட்ரான் கோள் அல்ல

சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் கருவை எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்பது மிக இயல்பாகத் தோன்றும் ஊகம். ஆனால் மின்னூட்டமுள்ள எந்தத் துகளும் வளைந்து சுற்றும்போது ஆற்றலை ஒளியாகவோ அலையாகவோ இழக்க வேண்டும். இது இயற்பியலில் நன்கு நிறுவப்பட்ட விதி. அப்படியானால் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து, சுருள் சுருளாக உள்நோக்கி இறங்கி, ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு நேரத்திற்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும். உலகில் ஓர் அணுவும் மிஞ்சியிருக்காது. அணுக்கள் இருக்கின்றன, ஆகவே உவமைதான் தவறு.

1913-இல் நீல்ஸ் போர் ஒரு துணிச்சலான வழியைச் சொன்னார். எலக்ட்ரான் எந்த ஆற்றலை வேண்டுமானாலும் பெற்றிருக்க முடியாது; குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டுமே இருக்க முடியும். சாய்தளத்தில் எந்த உயரத்திலும் நிற்கலாம். படிக்கட்டில் முதல் படியிலோ இரண்டாம் படியிலோ நிற்கலாமே தவிர ஒன்றரையாம் படியில் நிற்க முடியாது. இந்தப் படிகளுக்கு ஆற்றல் மட்டங்கள் என்று பெயர். மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. படிகளின் உயரம் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடுவதால் ஒளியின் நிறமும் வேறுபடுகிறது. எரியும் அடுப்பில் உப்பு சிந்தினால் நீலச் சுடர் மஞ்சளாவதும், பழைய தெருவிளக்குகள் மஞ்சளாக எரிந்ததும் சோடியம் அணுவிலுள்ள ஒரே படியிறக்கத்தால்தான்.

இந்த ஒளிக் கையொப்பத்தைக் கொண்டு, தொட முடியாத பொருளையும் அடையாளம் காணலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று அக்காலச் சென்னை மாகாணத்தில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பகுத்துப் பார்த்தனர். அதில் இருந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தாலும் சோடியத்தினுடையது அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. அக்கோட்டுக்குரிய தனிமம்தான் ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895-இல்தான்.

போரின் படிகள் நிலைத்தன. அவர் வரைந்த வட்டப் பாதைகள் நிலைக்கவில்லை. 1926-இல் எர்வின் ஷ்ரோடிங்கர் முன்வைத்த சமன்பாட்டின்படி, எலக்ட்ரானுக்குப் பாதை என்ற ஒன்றே இல்லை. எந்த இடத்தில் அது தென்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே சொல்ல முடியும். அந்த வாய்ப்பு கருவைச் சூழ்ந்து மேகம்போல் பரவியிருக்கிறது. மேகத்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆர்பிட்டால் என்று பெயர். சில உருண்டையானவை, சில இரட்டைப் பலூன்போல் இருபுறமும் புடைத்தவை.

அறையின் நடுவில் மல்லிகைச் சரத்தை வைத்தால், அருகில் மணம் அடர்த்தியாகவும் தள்ளிப் போகப் போக மெலிந்தும் இருக்கும்; மணம் இங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. எலக்ட்ரான் மேகமும் அத்தகையது. ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மணம் என்பது எண்ணற்ற மூலக்கூறுகள் காற்றில் பரவுவது. ஹைட்ரஜன் அணுவிலோ மேகம் முழுவதும் ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அது ஓரிடத்தில் ஒளிந்திருந்து, நமக்குத்தான் இடம் தெரியவில்லை என்று பொருளன்று. அளந்து பார்க்கும்வரை அதற்குத் திட்டமான இடம் இல்லை என்பதே பெரும்பான்மை இயற்பியலாளர்கள் பின்பற்றும் விளக்கம். இது மனத்துக்கு உடனே பிடிபடாது, யாருக்குமே பிடிபடவில்லை. கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறது.

அப்படியென்றால் அணு வெற்றிடமா?

'அணுவில் 99.99 விழுக்காடு வெற்றிடம். ஆகவே நாமும் வெற்றிடமே' என்ற வாசகம் அடிக்கடி பகிரப்படுகிறது. மைதானமும் கடுகும் என்ற உவமையிலிருந்து பிறந்த தவறான முடிவு இது. மைதானத்தில் நிறை இல்லைதான். ஆனால் அது காலி இடமும் அல்ல. எலக்ட்ரான் மேகம் அதை முழுவதும் நிரப்பியிருக்கிறது.

சுவரில் கை வைத்தால் கை உள்ளே போவதில்லை. கையிலுள்ள அணுக்களின் மேகங்களும் சுவரிலுள்ள அணுக்களின் மேகங்களும் ஒன்றினுள் ஒன்று புக மறுக்கின்றன. இருபுறமுள்ள எலக்ட்ரான்களும் ஒரே வகை மின்னூட்டம் உள்ளவை என்பதால் ஒன்றையொன்று விலக்குவது இதற்கு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், 1925-இல் வுல்ஃப்காங் பௌலி கூறிய தவிர்ப்பு விதி: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. முன்பதிவு செய்த இருக்கையில் இன்னொருவர் அமர முடியாததுபோல, நிரம்பிய இடத்துக்கு வரும் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கான ஆற்றல் நம் கையின் அழுத்தத்தில் இல்லை. திண்மை என்று நாம் உணர்வதெல்லாம் இதுதான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் எலக்ட்ரான் மேகம் அதைத் தடுப்பதில்லை. மெல்லிய உலோகத் தகட்டை அது பெரும்பாலும் எதிர்ப்பின்றிக் கடந்துவிடும்.

எலக்ட்ரான்: நடத்தையைத் தீர்மானிப்பது

வேதியியல் என்பது வெளிப்புற எலக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கல். எரிதல், துருப்பிடித்தல், பால் தயிராதல், உணவு செரித்தல் ஆகிய எவற்றிலும் கருக்கள் மாறுவதில்லை. எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன, அல்லது இரண்டு அணுக்களுக்குப் பொதுவாகின்றன.

எலக்ட்ரானை இழந்த அல்லது கூடுதலாகப் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு உப்பே சான்று. சோடியம் உலோகத்தை நீரில் போட்டால் தீப்பற்றி வெடிக்கும். குளோரின் நச்சு வாயு. சோடியம் தன் 11 எலக்ட்ரான்களில் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டால், இரண்டும் அயனிகளாகி ஒன்றையொன்று ஈர்த்து, சாம்பாரில் போடும் உப்பாகிவிடுகின்றன. மருத்துவமனையில் 'சோடியம் குறைந்துவிட்டது' என்று மருத்துவர் சொல்லும்போதும் அவர் குறிப்பிடுவது இரத்தத்திலுள்ள சோடியம் அயனியைத்தான். புரோட்டான்கள் 11 ஆகவே இருப்பதால் பெயர் மாறவில்லை. எலக்ட்ரான் ஒன்று போனதால் குணம் தலைகீழாகிவிட்டது.

நியூட்ரான்: கருவைச் சேர்த்துப் பிடிப்பது

ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்றால், தங்கத்தின் கருவுக்குள் 79 புரோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு எப்படி இருக்கின்றன? பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலரும் கடந்து வந்திருப்போம்.

விடை, வலிமையான விசை என்னும் வேறொரு விசை. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் வேறுபாடு பாராமல் அது அவற்றைச் சேர்த்து இறுக்குகிறது. ஆனால் அதன் எல்லை மிகக் குறுகியது. பைகளிலும் காலணிகளிலும் உள்ள ஒட்டுப்பட்டை தொட்டால்தான் பிடிக்கும். ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் ஈர்ப்பே இருக்காது. வலிமையான விசையும் அவ்வாறே, அண்டை அயல் துகள்களை மட்டுமே பிடிக்கிறது. மின்விலக்கமோ தொலைவிலுள்ள புரோட்டான்களுக்கும் எட்டும். ஆகவே கரு பெரிதாகப் பெரிதாக, விலக்கத்தைக் கூட்டாமல் பிடிப்பை மட்டும் கூட்டும் நியூட்ரான்கள் அதிகம் தேவைப்படுகின்றன. ஆக்சிஜனில் 8 புரோட்டான்களுக்கு 8 நியூட்ரான்கள் போதும். ஈயத்தில் 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள் வரை இருக்கின்றன. இதையும் தாண்டிய யுரேனியம் போன்ற கருக்களில் எத்தனை நியூட்ரான்கள் இருந்தாலும் முழு நிலைப்பு கிடைப்பதில்லை.

புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்களுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். ஒரே குடும்பப் பெயர், வெவ்வேறு எடை. ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-இல் ஒன்றின் கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருக்கும்; அதற்கு டியூட்டிரியம் என்று பெயர். டியூட்டிரியத்தால் ஆன நீரே கனநீர். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீரைப் பயன்படுத்துபவை. கனநீர் பார்வைக்கு நீர்போலவே இருக்கும். ஆனால் அதன் பனிக்கட்டியைச் சாதாரண நீரில் போட்டால் மூழ்கிவிடும்.

கார்பனின் கதை இன்னும் சுவையானது. பெரும்பாலான கார்பன் அணுக்களில் 6 நியூட்ரான்கள். காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒன்றுக்கு மட்டும் 8 நியூட்ரான்கள், அதுவே கார்பன்-14. அது நிலையற்றது. அதன் நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறும்போது 6 புரோட்டான்கள் 7 ஆகி, கார்பன் நைட்ரஜனாகிவிடுகிறது. எந்த அணு எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு திரளில் பாதி மாறுவதற்கு 5,730 ஆண்டுகள் ஆகும் என்பது உறுதி. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து புதிய கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும், வெட்டியபின் எடுக்காது. ஆகவே பழைய கரித்துண்டில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14 அணுக்களை எண்ணினால் மரம் இறந்த காலம் தெரியும். கீழடி அகழாய்வில் கிடைத்த ஒரு மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட முடிவு இம்முறையில் பெறப்பட்டதே.

அடுப்பும் அணு உலையும்

எலக்ட்ரான் மாற்றத்துக்கும் கரு மாற்றத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எண்ணிக்கையில் பார்த்துவிடலாம். ஒரு கார்பன் அணு எரியும்போது வெளிவரும் ஆற்றலை 1 என்று கொண்டால், ஒரு யுரேனியம்-235 கரு பிளக்கும்போது வெளிவருவது ஏறத்தாழ 5 கோடி. அடுப்பில் எலக்ட்ரான்கள் மட்டும் இடம் மாறுகின்றன; உலையில் கருவைக் கட்டியிருந்த விசையும் அதற்கு எதிரான மின்விலக்கமும் தம் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றன. விறகு எரிந்தபின் சாம்பலிலும் புகையிலும் அதே கார்பன், அதே ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். யுரேனியம் பிளந்தபின் அங்கே அந்த யுரேனியம் அணு இருக்காது. பேரியம், கிரிப்டான் போன்ற வேறு தனிமங்கள் இருக்கும். 'அணு உலை' என்பதை 'அணுக்கரு உலை' என்று வழங்கியிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி வந்திருக்காது.

இன்னும் உள்ளே

புரோட்டானும் நியூட்ரானும் கடைசித் துகள்கள் அல்ல. அவை ஒவ்வொன்றும் குவார்க் எனப்படும் மூன்று துகள்களால் ஆனவை என்ற கருத்து 1964-இல் முன்வைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், புரோட்டான்களின் மீது எலக்ட்ரான்களை வீசி, சிதறலை எண்ணும் ஆய்வுகளில் அதற்குச் சான்று கிடைத்தது. ரூதர்ஃபோர்டின் மூடுபனி உத்தியேதான் இன்னொரு முறை, இன்னும் சிறிய தூணைத் தேடி. மேல் குவார்க் இரண்டும் கீழ் குவார்க் ஒன்றும் சேர்ந்தால் புரோட்டான். மேல் ஒன்றும் கீழ் இரண்டும் சேர்ந்தால் நியூட்ரான். 'மேல்', 'கீழ்' என்பவை வெறும் பெயர்கள். திசையோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. கார்பன்-14 நைட்ரஜனாகும்போது நடப்பதும் ஒரு கீழ் குவார்க் மேல் குவார்க்காக மாறுவதே.

குவார்க்கைத் தனியே பிரித்தெடுக்க முடிவதில்லை. இழுக்க இழுக்கப் பிணைப்பில் ஆற்றல் ஏறி, அந்த ஆற்றலே புதிய குவார்க் இணையாகிவிடுகிறது. பிரித்தவர் கையில் மீண்டும் கூட்டுத் துகள்தான் மிஞ்சும். எலக்ட்ரானின் நிலை வேறு. 1897-இல், அணுவின் உட்துகள்களிலேயே முதலாவதாகக் கையில் அகப்பட்ட அது, அதன்பின் வந்த எல்லா மோதல் சோதனைகளிலும் ஒரு புள்ளியைப்போலவே நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் வேறு ஏதேனும் இருப்பதற்கான சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.